பரணிலிருந்து கேலகா: மலைவீட்டில் பழைய டிவி கேமை மீண்டும் ஆடுவது எப்படி

அத்தியாயம் 6

1990களில் டிவி கேம் ஆடி வளர்ந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கையில் இருந்தது அசல் நிண்டெண்டோ அல்ல, அதன் நகல். 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்து, தைவான் சிப்புகளை வைத்துச் செய்த பெட்டிகள் லிட்டில் மாஸ்டர், சாமுராய், மீடியா என்று பல பெயர்களில் இங்கே விற்றன. கூடவே ஒரு கேசட் வரும். அதன் மேல் ‘9999999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பதோ சில ஆட்டங்கள்தான். அவையே வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும்.

அந்தச் சில ஆட்டங்களில் ஒன்று கேலகா. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1981இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்காகச் செய்தது. வடிவமைத்தவர் ஷிகெரு யோகோயாமா. 1985இல் ஃபேமிகாமுக்கு வந்தது. நம் ஊருக்குள் அது நுழைந்தது இந்த நகல் கேசட்டுகள் வழியாகத்தான். அதற்குக் காரணம் எளிது. கேலகா, கேலக்சியன், பேட்டில் சிட்டி போன்ற தொடக்க கால ஆட்டங்களுக்குக் கேசட்டில் தனிச் சிப் எதுவும் வேண்டாம். 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரே கேசட்டில் பலவற்றை மலிவாகத் திணிக்க அவைதான் தோது.

அந்தக் கேசட்டோடு கையேடு வரவில்லை. எதைச் சுட்டால் எவ்வளவு புள்ளி, பிடித்துக்கொண்டு போகும் கப்பலை எப்படி மீட்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தோம், செத்தோம், அடுத்த ஆளிடம் ரிமோட்டைக் (ஆடும் கைப்பிடியைத்தான் அப்படிச் சொல்வோம்) கொடுத்தோம். அதனால் கேலகாவை ஆயிரம் முறை ஆடியவர்கள்கூட அதை முறையாக ஒருமுறையும் ஆடியிருக்க மாட்டார்கள். பெட்டியை உயிர்ப்பிப்பது, பழைய வேகத்தை மீட்பது, விதிகளைத் தெரிந்துகொண்டு ஆடுவது: இந்த அத்தியாயம் இம்மூன்றுக்கும் வழி சொல்கிறது.

கொல்லிமலை வாசலூர்பட்டியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறி வருபவர்கள் காலையில் படகு இல்லம், மறுநாள் ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில் என்று சுற்றிவிட்டு, மழை பிடித்துக்கொண்ட பிற்பகலில் வீட்டுக்குள் முடங்குவார்கள். பரணில் ஏறிப் பார்க்கத் தோன்றும் நேரம் அது. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மலையின் ஈரம், இடி, ஏறி இறங்கும் கரண்டு ஆகியவை பழைய எலெக்ட்ரானிக் பொருளுக்குச் சத்துரு. கீழ்நாட்டு வீட்டில் செய்வதைவிடச் சில காரியங்களை இங்கே கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும்.

1. உங்கள் ஆட்டம் எது?

விமானக் கேம், பூச்சிக் கேம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்து ஆடியதால், நினைவில் இருப்பது எந்த ஆட்டம் என்பதே பலருக்குக் குழப்பம். கேசட் பட்டியலில் உள்ள பெயரையும் நம்ப முடியாது. எழுத்துப் பிழை இருக்கும், பெயரையே மாற்றியிருப்பார்கள். திரையைப் பார்த்து அடையாளம் காணுங்கள்.

- பூச்சிகள் தொடக்கத்திலேயே அணிவகுத்து நிற்கின்றன, ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டுதான் போகிறது என்றால் அது கேலக்சியன். ஆர்கேடில் 1979, ஃபேமிகாமில் 1984.
- பூச்சிகள் வெளியிலிருந்து வளைந்து வளைந்து பறந்து வந்து தங்கள் இடத்தில் அமர்கின்றன, புள்ளிக்கணக்கு திரையின் வலப்பக்கம் இருக்கிறது என்றால் அது கேலகா.
- கீழே தரை நகர்கிறது, ஒரு பட்டன் வானத்தில் சுடுகிறது, இன்னொன்று தரையில் குண்டு போடுகிறது என்றால் சேவியஸ்.
- தரை மேலிருந்து கீழாக வேகமாக ஓடுகிறது, எல்லாவற்றையும் ஒரே பட்டனில் சுடலாம் என்றால் ஸ்டார் ஃபோர்ஸ்.
- கப்பல் இடமிருந்து வலமாகப் போகிறது, திரையின் அடியில் ஆயுதப் பட்டியல் ஒன்று இருக்கிறது என்றால் கொனாமியின் கிரேடியஸ்.

இனி வருபவை கேலகாவுக்கானவை. பெட்டி, டிவி, வேகம் பற்றிய பகுதிகள் மற்ற ஆட்டங்களுக்கும் பொருந்தும்.

2. பெட்டியைத் தயார் செய்தல்

பரணிலிருந்து இறக்கிய உடனே கரண்டு கொடுக்காதீர்கள். வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க வைத்திருங்கள். மலையில் பரண் குளிர்ந்திருக்கும். அடுப்புச் சூடு உள்ள அறைக்குள் கொண்டுவந்ததும் உள்ளே நீர் வியர்த்து நிற்கும். அந்த ஈரத்தின் மேல் கரண்டு பாய்ந்தால் போர்டு போய்விடும்.

அடுத்தது கேசட்டின் பின்கள், அதாவது பெட்டிக்குள் செருகும் பட்டைகள். கேசட்டைத் தலைகீழாகத் திருப்பி விளக்கில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் முப்பது முப்பதாக, மொத்தம் 60 செம்புப் பட்டைகள். நல்ல கேசட்டில் அவை மங்கலான பொன்னிறத்தில் மின்னும். மலையில் கிடந்த கேசட்டில் கருத்திருக்கும்; ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். இந்தக் கருப்பும் பச்சையும்தான் திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை எழுத்து வருவதற்குக் காரணம். ஆட்டம் கெட்டுவிட்டது என்று அந்தக் காலத்தில் தூக்கிப்போட்ட கேசட்டுகளில் பலவற்றுக்கு வேண்டியிருந்தது துடைப்பு மட்டுமே.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பட்டையின் நீளவாக்கில் துடையுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். பஞ்சு கருப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடையுங்கள். பிடிவாதமான கறைக்குப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் கூடவே கூடாது. மெல்லிய பூச்சு போய்விடும், அடுத்த மழைக்குள் மறுபடி களிம்பு பிடிக்கும். துடைத்த பிறகு பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

வாயால் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊதினால் வேலை செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் வேலை செய்ய வைப்பது ஊதுவதல்ல, கேசட்டைக் கழற்றி மறுபடி செருகுவது. ஊதியதால் மிஞ்சுவது எச்சில் ஈரம். ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோவே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

அடாப்டரில் பலர் கோட்டை விடுவார்கள். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 9 வோல்ட் டிசியில் ஓடுபவை. வீட்டில் மோடம், ரேடியோ, டார்ச் என்று எதன் அடாப்டரோ கிடக்கும், முனையும் பொருந்தும். உடனே செருகிவிடாதீர்கள். அசல் ஃபேமிகாமில் முனையின் நடுவில் நெகட்டிவ், வெளிவட்டத்தில் பாசிட்டிவ். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நேர்மாறு. நகல் பெட்டிகளில் இரண்டு வகையும் உண்டு. பெட்டியின் அடியில் சின்ன வட்டமும் கூட்டல் கழித்தல் குறியும் பொறித்திருக்கும். அதைப் பார்த்து அதே குறி உள்ள அடாப்டரை மட்டும் போடுங்கள். 12 வோல்ட்டும் வேண்டாம். உள்ளே உள்ள ரெகுலேட்டர் மிச்ச வோல்ட்டைச் சூடாகக் கழிக்கும். அரை மணியில் பெட்டி கொதிக்கும்.

ரிமோட்டில் பட்டன் அமுக்கியும் சுடவில்லை என்றால் பின்னால் உள்ள திருகுகளைக் கழற்றுங்கள். பட்டனுக்கு அடியில் ரப்பர் மெத்தையும் அதில் கரிப் பொட்டும் இருக்கும். பொட்டையும் அது தொடும் போர்டையும் அதே ஆல்கஹாலில் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

3. எந்த டிவியில் ஆடுவது?

பிக்சர் டியூப் டிவிதான் முதல் தேர்வு. அது கிடைப்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயின. 2011இல் ஆட்சி மாறியதும் டிவிக்குப் பதில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. அந்தச் சின்ன டிவிகளில் பல இன்றும் துணி மூடி மூலையில் இருக்கின்றன. எல்இடி டிவி வந்த வீட்டில் அதைக் கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள்.

கேலகாவுக்கு 14 அங்குலம் போதும், சொல்லப்போனால் அதுவே உத்தமம். பெட்டி அனுப்பும் படத்தை டியூப் டிவி அந்தக் கணமே வரைந்துவிடும். எல்இடி டிவி அந்தப் படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் சிறு தாமதம் விழும். செய்தி பார்ப்பவருக்கு அது தெரியாது. மேலிருந்து இறங்கும் குண்டுக்கு ஒதுங்க வேண்டியவருக்கு உயிர் போகும் தாமதம். எல்இடி தவிர வேறு வழி இல்லையென்றால் படத்தின் அமைப்பில் ‘கேம் மோடு’ இருக்கிறதா என்று தேடி அதைப் போடுங்கள்.

டிவியின் பின்னால் மஞ்சள், வெள்ளைத் துளைகள் இருந்தால் ஒயரை அதில் செருகி டிவி ரிமோட்டில் ஏவி பட்டனை அமுக்குங்கள். இல்லையென்றால் ஆன்டெனா துளையில் மாட்டி, சேனல் தேடலை மெதுவாக ஓட்டுங்கள். படம் வந்தும் கருப்பு வெள்ளையாக இருந்தால் டிவியின் கலர் சிஸ்டத்தை ‘பால்’ என்று மாற்றிப் பாருங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். டியூப் டிவியின் பின்மூடியை எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஓடும்போது அது இருபதாயிரம் வோல்ட் அளவுக்குப் போகக்கூடியது. இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கோடு கேபிள் ஒயரையும் டிஷ் ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் காப்பாற்றாது. கீழிருந்து டிவியைக் கொண்டுவருவதானால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை நினைவில் வையுங்கள். திரைப்பக்கம் இருக்கையின் சாய்வைப் பார்த்திருக்க, போர்வை சுற்றிக் கட்டி வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

4. வேகம்: பலரும் தவறவிடும் விஷயம்

ஆசை ஆசையாகக் கணினியிலோ போனிலோ கேலகாவைப் போட்டு ஆடிய பலர் சொல்லும் குறை இது: “அப்போ நல்லா ஆடுவேன், இப்போ கை வரலை.” வயதைக் குறை சொல்வதற்கு முன் ஹெர்ட்ஸைப் பாருங்கள்.

ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 படம் காட்டுபவை. இந்தியாவில் பால் முறை, நொடிக்கு 50. கேலகா போன்ற ஆட்டங்களில் ஒரு படத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில்தான் எல்லாம் நகரும். அதனால் 60க்குச் செய்த ஆட்டத்தை நம் பெட்டி 50இல் ஓட்டியபோது ஆட்டம் முழுவதும் ஆறில் ஒரு பங்கு மெதுவானது. ஜப்பான் பிள்ளைக்கு ஒரு நொடியில் வந்து விழுந்த குண்டு, நாமக்கல் பிள்ளைக்கு 1.2 நொடியில் விழுந்தது. இன்று போனில் கிடைப்பது பெரும்பாலும் அந்த 60 ஹெர்ட்ஸ் ஆட்டம். உங்கள் கை மந்தமாகவில்லை. நீங்கள் பழகாத வேகத்தில் ஆடுகிறீர்கள்.

ஐரோப்பாவில் நிண்டெண்டோ விற்ற அசல் பெட்டியும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் அதன் சிப் சற்று மெதுவாக ஓடுவதால் இசையின் சுருதியே இறங்கிவிடும். தைவான் நகல் சிப்பில் வேகத்தை ஏறக்குறைய ஜப்பான் அளவிலேயே வைத்திருந்தார்கள். அதனால் சுருதி மாறவில்லை, தாளம் மட்டும் நிதானமானது. தொடக்க இசையைக் கேட்டதுமே இது நம்முடையதா இல்லையா என்று காது சொல்லிவிடும்.

இதே நகல் பெட்டி 1992 இறுதியில் ரஷ்யாவில் ‘டெண்டி’ என்ற பெயரில் வந்து நாடு முழுக்கப் பரவியது. அதனால், பழைய பெட்டியைப் போலவே ஆட்டத்தை ஓட்டும் மெசென், எஃப்சிஇயூஎக்ஸ் போன்ற எமுலேட்டர் மென்பொருள்களில் இந்த வேகத்துக்கு ‘டெண்டி’ என்றே பெயர். பிராந்தியம் என்ற அமைப்பில் என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க முறை), பால், டெண்டி என்று மூன்று இருக்கும். மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் வளர்ந்த ஆட்டம் அதுதான். பரணில் கிடந்த பெட்டியில் ஆடுபவர்களுக்கு இந்த வேலையே இல்லை.

5. குண்டும் புள்ளியும்

இனி ஆட்டம். ஒவ்வொரு சுற்றிலும் 40 எதிரிகள். எட்டு எட்டாக ஐந்து கூட்டமாகப் பறந்து வருவார்கள். கீழ் வரிசைகளில் 20 தேனீக்கள், நடுவில் 16 பட்டாம்பூச்சிகள், உச்சியில் 4 தலைவர்கள். தலைவனை இரண்டு முறை சுட்டால்தான் சாவான். முதல் அடியில் நிறம் மட்டும் மாறும்.

நமக்குத் திரையில் ஒரு நேரத்தில் இரண்டு குண்டுகளுக்கு மேல் கிடையாது. ஒன்று எதையாவது தாக்க வேண்டும் அல்லது திரையின் உச்சியைத் தாண்டிப் போக வேண்டும். அப்போதுதான் அடுத்தது கிளம்பும். அமுக்கிப் பிடித்தாலே தானாகச் சுட்டுக்கொண்டிருக்கும் டர்போ பட்டனை வைத்து ஆடியவர்களுக்கு இது தெரியாமலே போனது. டர்போ இரண்டு குண்டையும் வெறும் வானத்தில் அனுப்பிவிடும், நிஜமாகவே எதிரி எதிரில் வரும்போது பட்டன் ஊமையாகிவிடும். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். கேலகாவில் அந்த வரம் இல்லை. ஒரு குண்டுக்கு ஓர் எதிரி. ஆகவே முதல் பயிற்சி, டர்போவைத் தொடாமல் ஆடுவது. அருகில் வந்தவனைச் சுடுங்கள். அருகில் பட்ட குண்டு உடனே தீர்ந்து அடுத்ததற்கு இடம் விடும்.

புள்ளிக்கணக்கை மனப்பாடம் செய்துவிடுங்கள். அணியில் நிற்கும் தேனீ 50, பாய்ந்து வரும் தேனீ 100. பட்டாம்பூச்சி நின்றால் 80, பாய்ந்தால் 160. தலைவன் நின்றால் 150. தனியே பாய்ந்தால் 400. கூடவரும் ஒரு காவல் பூச்சியோடு பாய்ந்தால் 800. இரண்டு காவலோடு பாய்ந்தால் 1,600. நிற்கும் தலைவனுக்கும் இரண்டு காவலோடு இறங்கும் தலைவனுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். காவலர்களை விட்டுவிட்டுத் தலைவனை முதலில் அடித்தால்தான் அந்த 1,600 கிடைக்கும். அணி முழுவதையும் அப்படியே நிற்கும்போது துடைத்தெடுத்தால் மொத்தமே 2,880தான் தேறும். ஆபத்தான நேரத்தில் சுடுபவருக்கு அள்ளிக்கொடுக்கும் ஆட்டம் இது.

சுற்று தொடங்கும்போது அவர்கள் வரிசை பிடித்து நுழையும் வழிகளைப் பாருங்கள். ஒரு சுற்றின் வழிகள் எத்தனை முறை ஆடினாலும் மாறுவதில்லை. எந்தக் கூட்டம் எந்த மூலையிலிருந்து வரும் என்று தெரிந்துவிட்டால், கப்பலை நகர்த்தாமலே நின்று பாதிக் கூட்டத்தை வரும் வழியிலேயே தீர்க்கலாம்.

6. இரட்டைக் கப்பல்

கேலகாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தலைவன் ஒருவன் தனியே இறங்கி, பாதி வழியில் நின்று, விசிறி விரித்ததுபோல ஒளிக்கற்றையைப் பாய்ச்சுவான். அதில் மாட்டினால் நம் கப்பல் சுழன்று சுழன்று மேலே போய் அவன் தலைக்கு மேல் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் இதை வெறும் சாவு என்றே நினைத்தோம். அது சாவல்ல, முதலீடு.

மழைநாள் மதியம் ஒன்றில் பத்து வயது மருமகனும் மாமனும் ஆடியதைக் கேளுங்கள்.

“மாமா, நம்ம கப்பலப் புடிச்சுட்டுப் போறான்! சுடுங்க, சுடுங்க!”

“இருடா மாப்ள. மேல நிக்கிறப்ப சுடக் கூடாது. எறங்கட்டும்.”

“எறங்குறான் மாமா…”

“ரெண்டு அடி. நம்ம கப்பல் மேல படாம, அவன் மேல.”

இரண்டாவது அடியில் தலைவன் வெடித்தான். சிவப்பாக மாறியிருந்த கப்பல் சுழன்றபடி கீழே வந்து பக்கத்தில் ஒட்டி வெள்ளையாயிற்று. இப்போது இரண்டு கப்பல், இரட்டைக் குண்டு.

விதி இதுதான். பிடித்த தலைவன் பாய்ந்து வரும்போது மட்டுமே சுட வேண்டும். அணியில் நிற்கும்போது சுட்டுவிட்டால் கப்பல் திரும்பக் கிடைக்காது. அதுவே எதிரியாகி நம்மேல் பாயும். பிடிபட்ட கப்பலையே தவறிச் சுட்டாலும் போச்சு. கையில் இருக்கும் கடைசிக் கப்பலை ஒருநாளும் பிடிகொடுக்காதீர்கள். மீட்க ஆள் இல்லாமல் ஆட்டம் முடிந்துவிடும்.

எப்போது பிடிகொடுப்பது? முதல் சுற்றிலேயே. எதிரிகள் அப்போது நிதானமாக இருப்பார்கள். மற்ற மூன்று தலைவர்களையும் பெரும்பாலான பூச்சிகளையும் முதலில் தீர்த்துவிட்டு, ஒரு தலைவனை மட்டும் மிச்சம் வைத்துப் பிடிகொடுத்தால் மீட்பது சுலபம். இன்னொன்றையும் கவனியுங்கள்: முன்பே ஒரு முறை அடிபட்டு நிறம் மாறிய தலைவன் என்றால் மீட்கும்போது ஓர் அடியே போதும்.

இரட்டைக் கப்பல் அகலமானது; அடிபட இடமும் இரண்டு மடங்கு. ஒன்று வெடித்தால் மற்றது மிஞ்சும் என்பதால் பதற வேண்டியதில்லை. ஓரங்களில் ஒண்டாமல் நடுவாந்திரமாக நின்று, சின்னச் சின்ன அசைவில் ஆடப் பழகுங்கள்.

7. சவால் சுற்று

மூன்றாவது சுற்றிலும், பிறகு ஏழு, பதினொன்று என்று நான்கு சுற்றுக்கு ஒரு முறையும் சவால் சுற்று வரும். இதில் யாரும் நம்மைச் சுடமாட்டார்கள். 40 பேர் பறந்து வந்து, பறந்து போய்விடுவார்கள். எத்தனை பேரை வீழ்த்தினோமோ அத்தனை நூறு புள்ளி போனஸ். 39 பேரை வீழ்த்தினால் 3,900. நாற்பதையும் வீழ்த்தினால் 10,000. அந்தக் கடைசி ஒரு பூச்சிக்கு இவ்வளவு விலை.

இரட்டைக் கப்பலோடு மூன்றாவது சுற்றுக்குள் நுழைவதே முதல் இரண்டு சுற்றுகளின் குறிக்கோள். இரட்டைக் குண்டின் அகலத்துக்கு முன்னால் முதல் சவால் சுற்றின் வரிசைகள் தப்புவது கடினம். வரிசைகள் வரும் வழி ஒவ்வொரு முறையும் ஒன்றே என்பதால், மனப்பாடம் செய்பவருக்கு இந்தப் பத்தாயிரம் நிச்சயம்.

ஆட்டம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். எத்தனை குண்டு சுட்டீர்கள், எத்தனை பட்டது, நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு கணக்கு திரையில் வரும். சிறுவயதில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கித் தாண்டிய அந்தத் திரைதான் உங்கள் வாத்தியார். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புள்ளியைவிட இந்தச் சதவீதம் ஏறுகிறதா என்று பாருங்கள். அது ஏறினால் புள்ளி தானாக ஏறும்.

8. பெட்டி இல்லாதவர்களுக்கு

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்டக் கோப்புகள் உரிமை பெறாதவை. நியாயமான வழிகள் இருக்கின்றன. பண்டாய் நாம்கோ 2020இல் வெளியிட்ட ‘நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ்’ இரண்டு தொகுதிகளில் ஃபேமிகாம் வடிவங்களே இருக்கின்றன. முதல் தொகுதியில் கேலக்சியனும் சேவியஸும். இரண்டாவதில் கேலகாவும் பேட்டில் சிட்டியும். கணினி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாவற்றுக்கும் வந்தவை. ஆடிக்கொண்டிருக்கும்போதே இடையில் சேமித்து வைக்கலாம் என்பதால் சவால் சுற்றை மட்டும் திரும்பத் திரும்பப் பழகலாம். மலையேறும் முன் கீழேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே வந்து நெட்டுக்கு அலைய வேண்டாம்.

9. கோளாறும் தீர்வும்

- திரை சாம்பல் நிறமாகவோ கட்டம் கட்டமாகவோ இருக்கிறது: கேசட் பின்னைத் துடையுங்கள், கேசட்டை நேராக, இறுக்கமாகச் செருகுங்கள். கரண்டு ஓடும்போது கழற்றவே கூடாது.
- படம் இருக்கிறது, சத்தம் இல்லை: ஏவி ஒயரில் வெள்ளை முனை கழன்றிருக்கும். ஆன்டெனா வழி என்றால் சேனலை நுணுக்கமாக ட்யூன் செய்யுங்கள்.
- பாதி ஆட்டத்தில் மெனுவுக்குத் திரும்பிவிடுகிறது: கரண்டு இறங்குகிறது. ஸ்டெபிலைசர் வழியாக ஓட்டுங்கள்.
- கப்பல் தானாக ஒரு பக்கம் நகர்கிறது: ரிமோட்டின் ரப்பர் மெத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றித் துடையுங்கள்.
- ஆடி முடித்த பிறகு: கேசட்டையும் ரிமோட்டையும் இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலமே போதும். பரணுக்குத் திரும்பவும் அனுப்பாதீர்கள்.

கையேடு இல்லாமல் வந்த ஆட்டத்துக்கு இப்போது கையேடு இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய, 40 கிலோபைட்டுக்குள் அடங்கும் ஆட்டம் இன்றும் ஒரு மழைநாளைத் தாங்கும். அதை ஆடிப் பார்த்தே சொல்லலாம். வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பழைய இரும்புக்காரர் வந்து கேட்கும்போது மூலையில் இருக்கும் டியூப் டிவியை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கேசட்டைத் துடைத்தால் ஓடும், ரிமோட்டைக் கழற்றினால் சரியாகும். அந்த டிவியை இனிக் கடையில் புதிதாக வாங்க முடியாது.